அம்மை போட்ட கார்

ஜோகுபாளையத்தில் புது வீட்டுக்குக் குடிவந்த முதல் வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், எங்கள் வாசல் கதவில் சிவப்பாக ஒரு புள்ளி இருந்தது. குங்குமம் இல்லை, குங்குமம் அப்படிப் பளபளக்காது. கதவின் கீழ்ப்பக்கம், கீலுக்குப் பக்கத்தில், யாரோ குனிந்து நிதானமாக வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். அம்மா என்னைத் தொட விடவில்லை.

"செவ்வாக்கிழமையா பார்த்து வச்சிருக்காங்க. நாம வந்தது யாருக்கோ பிடிக்கல."

எலுமிச்சம்பழம் வாங்கிவர என்னை அனுப்பினாள். படியில் இறங்கும்போது தரைத்தள வீட்டுப் பெண்மணி எதிரே வந்தார். ஐம்பதைத் தாண்டிய வயது. முழுக்கைக் குர்தா, கறுப்பு ஃபேக்டரி ஷூ, கழுத்தில் சின்னச் சிலுவை. புதிதாக வந்தவளிடம் பெயர் கேட்கும் வழக்கமெல்லாம் அவருக்கு இல்லை.

"உங்க கதவுல கீழ்க் கீலுக்கு ஒரு ஸ்க்ரூகூட இல்ல, பார்த்தியா? மேல இருக்கிறது ஒண்ணுதான் கதவையே பிடிச்சிட்டு நிக்குது. ஒருநாள் உங்கம்மா கால்ல விழும்."

"அந்தப் புள்ளி நீங்க வச்சதா ஆன்ட்டி?"

"பின்ன? பெல் அடிச்சேன், யாரும் திறக்கல. வாயால சொன்னா மறந்துடுவீங்க. புள்ளி இருந்தா தினம் கண்ணுல படும். படட்டும்."

அந்த எலுமிச்சம்பழத்தை அம்மா மத்தியானம் ரசத்தில் பிழிந்தாள். தச்சரை வரவழைக்க எங்களுக்கு மேலும் ஒரு மாதம் ஆனது. அதுவரை புள்ளி தினமும் கண்ணில் பட்டது.

அவருடைய நகங்களில் நான் ஒருபோதும் நெயில் பாலிஷ் பார்த்ததில்லை. ஆனால் கைப்பையில் எப்போதும் ஒரு சிவப்புப் பாட்டில் இருக்கும். ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் பரிசோதனைப் பிரிவில் வேலை பார்த்தார். அங்கே அவர் முன்னால் எப்போதும் மூன்று தட்டுகள்: பாஸ், திருத்தி எடுக்க ரீவொர்க், ரிஜெக்ட். குறை தெரிந்த இடத்தில் சிவப்புப் பெயின்ட்டால் ஒரு பொட்டு வைத்துத் தட்டில் போடுவது வேலை. வெளியே வந்தாலும் கை நிற்கவில்லை. மாடிப்படியின் உடைந்த விளிம்பில் ஒன்று, தண்ணீர் மோட்டார் சுவிட்சில் ஒன்று, எங்கள் கேஸ் ட்யூப் அடுப்போடு சேரும் இடத்தில் ஒன்று. வீட்டுக்காரர் வாடகை வாங்க வரும்போதெல்லாம் கன்னடம் கலந்து புலம்புவார்.

"ஏனம்மா இது? கட்டடம் பூரா பொட்டு வச்ச மாதிரி இருக்கு. பேடாம்மா, வேணாம். பார்க்க வர்றவங்க பயந்து ஓடறாங்க."

"ஓடினா நல்லதுதானே சார். அந்தப் படியில தடுக்கி விழறதுக்கு ஓடறது மேல்."

தன் விஷயத்திலும் அவர் சலுகை காட்டியதில்லை. இளவயதில் பெண் பார்க்க வந்தவர்களிடம், கேக் தட்டை வைத்த கையோடு, தனக்குச் சர்க்கரை வியாதி தொடங்கியிருக்கிறது, தூங்கும்போது குறட்டை வரும், சமையலில் உப்பு கூடிவிடும், சமாதானப்படுத்துகிற பேச்சு வராது என்று வரிசையாகச் சொல்லியிருக்கிறார். அவர் அப்பா வாசல்வரை அவர்கள் பின்னால் போய்க் கெஞ்சினாராம். இதை என் அம்மாவிடம் சொன்னபோது அவர் குரலில் வருத்தம் எதுவும் இல்லை.

"அவங்க பக்கத்துல என்ன குறைன்னு கேட்டேன் அக்கா. ஒண்ணுமே இல்லன்னாங்க. அப்படி ஒரு குடும்பம் உலகத்துல உண்டா? சரிப்படாதுன்னு எனக்கு அப்பவே தெரிஞ்சுபோச்சு. கேக்கைத்தான் தொடாமப் போயிட்டாங்க. நல்ல கேக்."

தன்னைப்பற்றி எல்லாவற்றையும் சொல்லிவிடுகிற மனுஷி என்றுதான் நான் அவரை நம்பியிருந்தேன். அப்படிப்பட்டவரிடம் சொல்லாத ஒன்றும் இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

இப்படிப்பட்டவர் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வாங்கப் போகிறேன் என்று வந்து நின்றபோது நான் வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச காலம் ஆகியிருந்தது. பிரேக்குகளுக்கான மென்பொருளைச் சோதிக்கிற வேலை. அதனால் கட்டடத்தில் கார் பற்றித் தெரிந்தவள் நான் என்று முடிவாகியிருந்தது.

"எதுக்கு ஆன்ட்டி இப்ப? புதுசா ஒரு சின்னக் கார் வாங்கிக்கலாமே. சர்ச்சுல பூசைக்குப் போக வர."

அவர் இத்தனை வருடங்களாகச் சோதித்து வந்தது ஒரு பித்தளை வளையம். கியர் மாற்றும்போது வெவ்வேறு வேகத்தில் சுற்றும் இரண்டு பற்சக்கரங்களைச் சமப்படுத்தி உராயாமல் சேர்த்துவைப்பது அது. ஒரு காலத்தில் ஜப்பானுக்கும் பெட்டி பெட்டியாகப் போயிருக்கிறது.

"ரிஜெக்ட் ஆனதெல்லாம் எங்க போச்சுன்னு எனக்குத் தெரியும்மா. உலைக்குப் போச்சு. பாஸ் பண்ணினது எங்க போச்சுன்னுதான் ஒரு தடவைகூட பார்த்ததில்ல."

அந்த வளையம் போன கார் எது என்று ஏற்றுமதிப் பிரிவில் யாரிடமோ கேட்டுத் தெரிந்துவைத்திருந்தார். இருபது வருடத்துக்கு மேல் பழைய மாடல். இரண்டு கதவு, நீண்ட பேனட், டர்போ இன்ஜின். ஊரில் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவில்தான் இருந்தன.

ஞாயிறு ஞாயிறாகப் போய்ப் பார்த்தோம். நான் கைப்பேசியில் சோதனைப் பட்டியல் ஒன்று தயாரித்துக்கொண்டு போவேன். அடித்தட்டில் துரு, டயரின் வயது, புகையின் நிறம், ஆயில் கசிவு. நான் குனிவதற்குள் அவர் தன் ஒரே கேள்வியைக் கேட்டு முடித்திருப்பார்.

"என்ன குறை?"

"குறையா? மேடம், ஷோரூம் பீஸ் மேடம். ஒண்ணு சொல்ல முடியாது."

"அப்ப நீங்க இன்னும் வண்டியைப் பார்க்கவே இல்ல. வாம்மா போலாம்."

கடைசியாகப் போனது ஒரு வயதான பல் மருத்துவர் வீட்டுக்கு. உறையை விலக்கினார். வெள்ளை நிறம். கூரை என் நெஞ்சளவுக்குத்தான் இருந்தது. ஆன்ட்டி கேள்வியைக் கேட்டதும் அவர் பக்கத்திலிருந்த கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்துவிட்டார்.

"எங்க ஆரம்பிக்க? மழை வந்தா இடது சீட்டுல கால் நனையும். டிராஃபிக்ல சூடேறும். இன்ஜின் கொதிக்காம இருக்கணும்னா ஹீட்டரைப் போட்டுக்கிட்டு ஓட்டணும், நீங்க கொதிக்கலாம். செகண்ட் கியர் விழ மனசு வைக்கணும். பின் பம்பர் ஒருதரம் இடிச்சது, பெயின்ட் சரியா சேரல. ஸ்பேர் பார்ட் கேட்டா ஆறு மாசம். அப்புறம் ஸ்பீட் பிரேக்கர்..."

அவர் சொல்லிக்கொண்டே போனார். ஆன்ட்டியும் பக்கத்தில் உட்கார்ந்து, கன்னத்தில் கைவைத்து, நடுவில் குறுக்கிடாமல் கேட்டார். நான் என் பட்டியலைத் திறக்கவே இல்லை. முடிந்ததும் கைப்பையிலிருந்து பாட்டிலை எடுத்து முதல் புள்ளியைக் கியர் குமிழில் வைத்தார்.

"செகண்ட் கியர்தானே? அதுல நம்ம வளையம்தான் தேஞ்சிருக்கும்," என்றார். திருமணத்துக்குச் சம்மதம் சொல்பவரைப்போல அவர் முகம் இருந்தது.

*

வேகமான காரை வைத்திருப்பது எவ்வளவு மெதுவான காரியம் என்று எனக்கு அதற்குப் பிறகுதான் தெரிந்தது.

முதலாவது வேகத்தடைகள். எங்கள் தெருவிலிருந்து ஓல்ட் மெட்ராஸ் ரோட்டைத் தொடுவதற்குள் வழியெல்லாம் அவைதான். காரின் அடிவயிறு ஒவ்வொன்றிலும் உரசும். எடை குறைந்தால்தான் தாண்டும் என்பதால், ஒவ்வொரு தடைக்கும் நான் கதவைத் திறந்து இறங்கி, நடந்து, மறுபக்கம் போய் நிற்பேன். அவர் ஸ்டியரிங்கை ஒடித்துச் சாய்வாக ஏற்றி இறக்குவார். நான் மறுபடி ஏறிக்கொள்வேன். ஆட்டோக்காரர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். ஒருவர் ஒருநாள், "ஏம்மா, பேசாம நடந்தே போயிடேன், அக்கா பின்னாடி ஓட்டிட்டு வருவாங்க," என்றார். அவர் சொன்னதில் தவறு எதுவும் இல்லை.

இரண்டாவது சூடு. ஏப்ரல் மாதத்தில், அல்சூர் நெரிசலில், ஏ.சி.யை அணைத்து ஹீட்டரை முழுதாகத் திறந்துவிட்டு, இரண்டு பேரும் வியர்வையில் ஊறியபடி உட்கார்ந்திருப்போம். பக்கத்தில் ஒரு பள்ளிப் பேருந்து நிற்கும். குழந்தைகள் ஜன்னல் வழியாகக் கீழே எங்களைப் பார்த்துக் கையசைப்பார்கள். பந்தயத்துக்குப் பிறந்த வண்டி, சைக்கிள்கள் தாண்டிப்போகப் பார்த்துக்கொண்டு நிற்கும். இறுகிய கிளட்ச்சை மிதித்து மிதித்து அவருக்கு இடது முழங்கால் வீங்கியது. யாராவது காரைப் புகழ்ந்தால் உடனே ஜன்னலை இறக்கி அதன் குறைகளைச் சொல்ல ஆரம்பித்துவிடுவார். சிக்னல் பச்சையாகும்வரை சொல்வார்.

மூன்றாவது அடுகோடி. அங்கே ஒரு மெக்கானிக் இருந்தார். பழைய வெளிநாட்டு வண்டிகளைப் பார்க்கிறவர். வீட்டில் தக்கணி உருது, கடையில் எல்லா மொழியும். நாங்கள் சந்துக்குள் நுழையும்போதே கையில் துணியோடு எழுந்து நிற்பார்.

"வாங்க மேடம். இன்னைக்கு என்ன பேஜார்?"

அவர்தான் கியர் பெட்டியைப் பிரித்தார். தேய்ந்த வளையத்தைத் துடைத்து ஆன்ட்டியின் கையில் கொடுத்தார். அவர் அதை வாங்கி வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். தூக்கிப் பிடித்தார், சாய்த்தார், கிட்டே கொண்டுவந்தார். கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார், போட்டுப் பார்த்தார். பிறகு விளிம்பை விரல் நுனியால் சுற்றிவரத் தடவினார்.

"நம்மதுதான்," என்றார்.

நான் வாங்கிப் பார்த்தேன். உள்விளிம்பில் அச்சு தெளிவாக இருந்தது. ஜப்பானிய எழுத்தும், நான் அறியாத ஒரு முத்திரையும். அவருடைய கம்பெனியின் முத்திரையை அவர் வீட்டுச் சுவர்க்கடிகாரத்தில் பலமுறை பார்த்திருக்கிறேன். அது இது இல்லை. மெக்கானிக்கும் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

ஆன்ட்டி வளையத்தை மணிக்கட்டில் நுழைத்துப் பார்த்தார். வளையல்போலப் பொருந்தியது.

"இன்னும் ஒண்ணு கழட்டித் தரவா மேடம்? ஜோடியா போட்டுக்கங்க," என்றார் மெக்கானிக்.

வாழ்க்கையில் ஒரு தடவையாவது தான் பாஸ் பண்ணிய வளையத்தைப் பார்க்க ஆன்ட்டிக்கும் ஆசை இருக்கும், ஆசையினால் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். அந்த எழுத்தே அவர் கண்ணுக்குத் தெரிந்திருக்காது என்று நினைக்கவில்லை.

காரின் உண்மையான வேகத்தை நான் பார்த்ததும் உண்டு. விடிகாலையில், ஹொசகோட்டே தாண்டி, கோலார் போகிற சாலை காலியாகக் கிடக்கும்போது. மூன்றாவது கியரில் அவர் மிதித்தார். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு டர்போ ஊளையிடத் தொடங்கி, யாரோ என் முதுகில் உள்ளங்கையை வைத்துத் தள்ளுவதுபோல இருந்தது. கியர் மாற்றும் நொடியில் அவர் தலையை லேசாகச் சாய்த்து, உள்ளே ஏதோ சேர்வதைக் கேட்டார்.

"கேட்டுச்சா?"

"என்ன ஆன்ட்டி?"

"ஒண்ணும் கேட்கலல்ல? அதான். ஒண்ணும் கேட்கக் கூடாது. அதுதான் பாஸ்."

அடுத்த ஊரின் முதல் வேகத்தடையில் நான் இறங்கி நடந்தேன்.

*

அவர் வேலையை விட்டுவிட்டதாக ஒரு மாலையில் சொன்னார். வீட்டைக் காலி செய்துவிட்டு ஆனேக்கல்லில் தம்பி குடும்பத்தோடு போய் இருக்கப்போகிறாராம். அங்கே கார் நிறுத்த இடமில்லை, விற்க வேண்டும் என்றார். கம்பெனியில் ஆட்களைக் குறைக்கிறார்கள் என்று ஊரே பேசிக்கொண்டிருந்த காலம். நான் காரணம் கேட்கவில்லை.

இணையத்தில் விளம்பரம் போட்டுக்கொடுத்தேன். பார்க்க வருகிறவர்களுக்காக அவர் காரைத் தயார் செய்தார். மற்றவர்கள் கழுவி மெழுகு போடுவார்கள். இவர் பாட்டிலோடு உட்கார்ந்து வண்டி முழுக்கப் புள்ளி வைத்தார். பம்பரில், கதவு விளிம்பில், சக்கரத்தின் உராய்வில், மழைநீர் இறங்கும் ரப்பரில். வெள்ளைக் காரில் சிவப்புச் சிவப்பாக.

ஹெட்லைட்டைப் பார்க்க வந்த அடுகோடி மெக்கானிக் இடுப்பில் கைவைத்து நின்றுவிட்டார்.

"யா அல்லா. மேடம், வண்டிக்கு அம்மை போட்டிருக்கு. வேப்பிலை கட்டுங்க, மூணு தண்ணி ஊத்தினா இறங்கிடும்."

"இருக்கிறதைத்தானேப்பா காட்டறேன்."

"காட்டுங்க. வாங்கறவன் ரெண்டு குறை கேப்பான், நீங்க இருபது சொல்றீங்க. இப்படி வித்தா யாரும் வாங்கமாட்டான் மேடம், நான் எத்தனை வண்டி பார்த்திருக்கேன்."

அவர் சொன்னபடியே நடந்தது. வந்தவர்கள் சிரித்தார்கள், படம் எடுத்தார்கள், அடிமாட்டு விலைக்குக் கேட்டார்கள், போனார்கள். ஆன்ட்டி ஒவ்வொருவரிடமும் முதலிலிருந்து சொன்னார். கேட்டுக் கேட்டு எனக்கே மனப்பாடமாகிவிட்டது.

அந்த நாட்களில் ஒருநாள் மார்க்கெட்டிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம். எங்கள் தெருவில் தோளில் தண்ணீர் கேனோடு ஒருவர் சாலையைக் கடந்தார். நேர் எதிரே, நடுவில். அவர் நின்றே விட்டார், கார் நிற்கும் என்ற நம்பிக்கையில். கார் நிற்கவில்லை. நான் கத்தினேன். பிரேக் பிடித்தபோது கேன் விழுந்து உடைந்து தண்ணீர் பேனட்டில் தெறித்தது.

"கண்ணு தெரியலயா?" என்று கேட்டார் அவர். கோபமாகக்கூடக் கேட்கவில்லை.

ஆன்ட்டி கேனுக்கான பணத்தைக் கொடுத்தார். பேனட்டிலிருந்து வழியும் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றார். வீடுவரை வேகத்தடைகளில் நான் இறங்கி ஏறினேன்.

மறுநாள் அலுவலகம் விட்டு வந்தபோது கார் நிறுத்துமிடத்தில் அவர் குந்தி உட்கார்ந்து, கதவில் புதிய கீறலுக்குப் புள்ளி வைத்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். கீறல் கைப்பிடிக்குக் கீழே இருந்தது. புள்ளி அதற்கு இரண்டு விரற்கடை தள்ளி, சுத்தமான வெள்ளையில் இருந்தது. நான் எழுந்து காரைச் சுற்றி நடந்தேன். பழைய புள்ளிகள் எல்லாம் குறையின் மேலேயே இருந்தன. பிறகு வைத்தவை விளிம்பில். இந்த வாரம் வைத்தவை பக்கத்தில். அவர் கை எப்போதிலிருந்து விலகத் தொடங்கியது என்று காரில் வரிசையாகத் தெரிந்தது.

"ஆன்ட்டி, கீறல் இங்க இருக்கு. புள்ளி அங்க."

அவர் குனிந்து கதவை விரலால் தடவினார்.

"காயறதுக்குள்ள நகர்ந்திருக்கும்," என்றார்.

நான் சிரிக்கவில்லை. அவரும் சிரிக்கவில்லை. பாட்டிலை மூட முயன்றார். மூடி திருகில் உட்காரவில்லை. நான் வாங்கி மூடினேன்.

"சுகர்தாம்மா. கண்ணுக்குப் பின்னாடி வீங்கியிருக்காம். கண்ணுக்குள்ளயே ஊசி போடறாங்க. கதவு, கம்பம், எல்லாக் கோடும் நடுவுல வயித்தைத் தள்ளிட்டு நிக்குது. சைடுல எல்லாம் நல்லா தெரியுது. நேரா பார்த்தா மட்டும் ஒரு அழுக்கு."

"எப்பலேர்ந்து?"

"அந்த வளையத்தைக் கையில வாங்கினப்பவே கொஞ்சம் இருந்துச்சு. அப்புறம் கம்பெனியில ஒரு லாட் வளையம் மொத்தமா பாஸ் பண்ணினேன். குறைன்னு திரும்பி வந்துடுச்சு. யாரும் திட்டல. 'பரவால்ல மேடம்'னாங்க. அன்னைக்கே எழுதிக் கொடுத்துட்டு வந்துட்டேன்."

"வீட்டுக் கதவுலேர்ந்து உங்க குறட்டை வரைக்கும் எல்லாத்தையும் எல்லார்கிட்டயும் சொல்றீங்க. இதை மட்டும் ஏன் சொல்லல?"

"சொன்னா புள்ளி வச்ச மாதிரி. புள்ளி வச்சா அதுக்கப்புறம் முடிவு எடுத்தாகணும். ரீவொர்க், இல்ல ரிஜெக்ட். நடுவுல வைக்கிறதுக்குத் தட்டு கிடையாதும்மா."

தெருவில் ஸ்கூட்டர்கள் போய்க்கொண்டிருந்தன. எனக்கு அன்று வேலையில் நீண்ட நாள், தலை வலித்தது. நெயில் பாலிஷ் பாட்டிலைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தேன்.

அந்த வாரமே காரை வாங்க ஆள் கிடைத்தது. மருத்துவமனை ஒன்றில் இயந்திரங்களைப் பராமரிப்பவர். அவர் சிரிக்கவில்லை. ஒவ்வொரு புள்ளியாகக் குனிந்து பார்த்து, விலகியிருந்தவற்றின் அருகே உண்மையான கீறலைத் தானே கண்டுபிடித்துத் தலையசைத்தார். ஆன்ட்டி சொல்லி முடிக்கும்வரை நின்றார். "இவருக்கே கொடுத்துடலாம்," என்றார் ஆன்ட்டி. திங்கட்கிழமை வந்து எடுத்துக்கொள்வதாகப் பேச்சு. நடுவில் ஒரு ஞாயிறு இருந்தது.

"ஒரே தடவை ஹொசகோட்டே வரைக்கும்," என்றார் என்னிடம். "விடியறதுக்குள்ள போயிட்டு வந்துடலாம். ரோட்ல ஆள் இருக்காது."

"இருப்பாங்க ஆன்ட்டி. பால் போடறவங்க இருப்பாங்க. ரோடு பெருக்கறவங்க இருப்பாங்க."

"அவங்கல்லாம் ஓரமாத்தானே இருப்பாங்க. ஓரம் எனக்குத் தெரியுது."

"தண்ணி கேன்காரர் ஓரமா இல்ல."

அவர் சாவியைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

சனிக்கிழமை முழுக்க யோசித்தேன். அம்மாவிடம் சொல்லலாம், அம்மா கீழே போய் அழுவாள், அவர் கதவைச் சாத்திக்கொள்வார். ஆனேக்கல்லில் இருக்கும் அவர் தம்பிக்குப் போன் செய்யலாம். அவர் சொல்லி இவர் எப்போது கேட்டார்? மூன்றாவது வழி எளிமையானது. அந்தக் காரின் எரிபொருள் பம்புக்குத் தனி ஃப்யூஸ் உண்டு. பேனட்டுக்குள் இருக்கிறது. அதைப் பிடுங்கிவிட்டால் எவ்வளவு சாவி திருகினாலும் இன்ஜின் உயிர் பெறாது. வண்டிக்கு இன்னொரு குறை என்று அவர் நினைத்துக்கொள்வார்.

ஞாயிறு விடியும் நேரத்தில் கையில் சின்னக் குறடோடு இறங்கினேன். கார் நிறுத்துமிடத்தில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. எனக்கு முன்பே அவர் வந்து காருக்குள் உட்கார்ந்திருந்தார். குறடை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன்.

"குறடு எதுக்கு?" என்றார், முகத்தைத் திருப்பாமல். "சைடுல எல்லாம் தெரியும்னு சொன்னேன்ல."

அப்போதுதான் கவனித்தேன். அவர் உட்கார்ந்திருந்தது இடது சீட்டில், என் சீட்டில். சாவி ஓட்டுநர் இருக்கையின் மேல் கிடந்தது.

சாவியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். சீட் அவருடைய உயரத்துக்கு இருந்தது. பின்னால் பார்க்கும் கண்ணாடி பின்னால் பார்க்கவில்லை. ஓட்டுபவரின் முகத்தைப் பார்த்துத் திரும்பியிருந்தது. அதன் நடுவில் சிவப்பாக ஒரு புள்ளி. உற்றுப் பார்த்தால் என் வலது கண்ணின் மேல் சரியாக உட்கார்ந்தது. கண்ணாடியில் கீறல் இல்லை, விரிசல் இல்லை. அவர் இந்தச் சீட்டில் உட்கார்ந்து, நேராகப் பார்த்து, தெரியாத நடுவில் தடவித் தடவித் தன் கண்ணின் பிம்பத்தின் மேலேயே வைத்திருக்கிறார். இந்தப் புள்ளி மட்டும் விலகவில்லை.

"இன்னைக்குக் காலையிலதான் வச்சேன்," என்றார். "வாங்கறவருக்கு அது வேண்டாம். துடைச்சிடு. உன் உயரத்துக்குத் திருப்பிக்கோ."

துப்பட்டாவால் துடைத்தேன். போகவில்லை. அவர் கைப்பையைத் திறந்து, நெயில் பாலிஷ் அழிக்கும் பாட்டிலையும் பஞ்சையும் எடுத்து என் கையில் வைத்தார். மணிக்கட்டில் பித்தளை வளையம் இருந்தது. புள்ளி கரைந்து கண்ணாடியில் சிவப்பாகப் பரவி, பிறகு மெல்ல மெல்லத் தெளிந்தது. திருப்பினேன். பின் கண்ணாடி வழியாகக் காலித் தெரு தெரிந்தது.

"கிளட்ச் இறுகலா இருக்கும். முழங்காலை நம்பாதே, தொடையால மிதி. செகண்ட்ல அவசரப்படாதே."

மூன்று முறை அணைந்து, நான்காவது முறை வண்டி நகர்ந்தது. அவர் சீட்டின் இரண்டு ஓரங்களையும் பிடித்துக்கொண்டிருந்தார். தெருமுனையில் முதல் வேகத்தடை வந்தது. வழக்கம்போல நான் கதவில் கைவைத்தேன். பிறகுதான் நான் இறங்கவேண்டியவள் இல்லை என்று உறைத்தது.

இடதுபக்கக் கதவு திறந்தது. அவர் ஒரு கையால் கூரையைப் பிடித்து இறங்கினார். காம்பவுண்டுச் சுவரைத் தொட்டபடி, ஃபேக்டரி ஷூவின் நுனியால் தடையின் விளிம்பைத் தேடி, ஏறி, இறங்கி, மறுபக்கம் போய் நின்றார். நான் ஸ்டியரிங்கை ஒடித்துச் சாய்வாக ஏற்றினேன். ஒவ்வொரு சக்கரமாக ஏறி இறங்கியது.

"உரசல," என்றார், ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டு.

அடுத்த தடைக்கும் இறங்கினார்.